மதுரை வெயிலும் ஒரு போலரைசரும்

கேமராவோடு மதுரைக்கு வர நல்ல மாதம் தை. வடகிழக்குப் பருவமழை வானத்தைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும். வெயில் உண்டு, சித்திரை வெயிலைப்போல மண்டையைப் பிளக்காது. வண்டியூர்த் தெப்பக்குளம் நிறைந்து, தெப்பத் திருவிழாவுக்கு ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். அப்படியொரு தை மாதத்தில் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தில் தொடங்கி, கீழக்குயில்குடி, சோழவந்தான், யானைமலை என்று ஒரு வட்டமடித்துத் தெப்பக்குளத்தில் முடிகிற மாதிரி ஒரு பயணம் போனோம். கார் ஓட்டிய நண்பர் கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் மதுரைக்கார இளைஞர். என்னை ‘அண்ணே’ என்பார். லென்ஸ் முகப்பில் திருகி மாட்டும் போலரைசர் ஃபில்டர் ஒன்று எங்கள் பையில் இருந்தது. போன இடமெல்லாம் எங்களுக்குள் ஒரே வழக்கு: இதை இங்கே போடுவதா, கழற்றுவதா?

அது செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சூரியனிலிருந்து வரும் ஒளி எல்லாத் தளங்களிலும் அதிர்ந்தபடி வருகிறது. நீர், கண்ணாடி, இலை, பெயின்ட் ஆகியவற்றின் மேல் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது அந்த அதிர்வு பெருமளவு ஒரே தளத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதைத் தளவிளைவு என்று படித்திருப்போம். 1808-இல் பாரிஸில் எத்தியன் மாலுஸ் என்ற பொறியாளர், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் தெறித்த வெயிலைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப அந்த ஒளி மங்குவதும் மீள்வதுமாக இருந்தது. எந்தப் பொருளில் எந்தக் கோணத்தில் தெறித்தால் ஒடுக்கம் முழுமையாகும் என்பதற்கு 1815-இல் டேவிட் புரூஸ்டர் விதி வகுத்தார். விலை உயர்ந்த படிகத்துக்குப் பதிலாக மெல்லிய தாளிலேயே இந்த வேலையைச் செய்யலாம் என்று காட்டி 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் அமெரிக்காவின் எட்வின் லேண்ட். இன்று கேமராக் கடையில் கிடைக்கும் போலரைசர் அந்தத் தாளின் வழிவந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தாளை வைத்து, சுழலும் வளையத்தில் பூட்டியிருப்பார்கள். வளையத்தைத் திருப்பினால் ஒரு தளத்து ஒளி தடைபடும். மற்றது உள்ளே வரும்.

தெற்குச் சித்திரை வீதி

காலை ஏழரை மணி. கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது. 2018 முதல் கைப்பேசிக்கும் கிடையாது. எனவே கோபுரங்களை வீதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எல்லாம் கோயிலைச் சதுரம் சதுரமாகச் சுற்றி ஓடுபவை. நான்கு பெரிய கோபுரங்களும் நான்கு திசை பார்ப்பவை. போலரைசர் வானத்தில் எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

வானத்து நீலம், காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறிய ஒளி. அதுவும் தளவிளைவுக்கு உட்பட்டதே. ஆனால் வானம் முழுவதும் ஒரே அளவில் அல்ல. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் பகுதியில்தான் அது உச்சத்தில் இருக்கும். சூரியனைச் சுற்றியும் அதற்கு நேர் எதிரிலும் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ‘ட’ போல விரித்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் வானத்தில் எந்தக் கோட்டில் சுற்றி வருகிறதோ, அந்தப் பட்டையில்தான் போலரைசர் வானத்தைக் கருக்கும்.

தை மாதக் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கிறது. தெற்குச் சித்திரை வீதியில் நின்று வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சூரியன் வலப்பக்கம். கோபுரத்தின் முகத்தில் பக்கவெயில் விழுந்து ஒவ்வொரு சுதை உருவமும் நிழலோடு எழுந்து நிற்கிறது. பின்னால் இருக்கும் வானம், சொன்ன பட்டைக்குள் வருகிறது. நண்பர் வளையத்தைத் திருப்பினார். வெளிர்நீலம் கருநீலமாயிற்று. ஆடி மாதத்தில் வந்தால் இந்தக் காட்சி கிடைக்காது. அப்போது சூரியன் வடகிழக்கில் உதிக்கும். காலையில் தெற்குக் கோபுரத்தின் முகம் நிழலில் கிடக்கும்.

கீழைச் சித்திரை வீதிக்குப் போய்க் கிழக்குக் கோபுரத்தைப் பார்த்தோம். சூரியன் முதுகுக்குப் பின்னால். வளையத்தை எத்தனை திருப்புத் திருப்பினாலும் வானம் அப்படியேதான் இருந்தது. மேற்குக் கோபுரமோ இந்த நேரத்தில் எதிர்வெயிலில் நிழலுருவாக நிற்கும். அங்கேயும் ஃபில்டருக்கு வேலையில்லை. வேலை செய்யாத இடத்தில் அது சும்மா இருப்பதில்லை, ஒளியைத் தின்கிறது. லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். சிலவற்றில் முக்கால் பங்கும் போகும். 1/250 நொடியில் எடுக்க வேண்டிய படம் 1/60-க்கு இறங்கினால், நடந்துபோகும் பூக்காரம்மாவின் கை கலங்கித்தான் விழும்.

தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி உயரம். வீதியின் அகலம் போதாது. அகலக்கோண லென்ஸ் போட்டால்தான் உச்சிக் கலசம் வரை சட்டத்துக்குள் வரும். வந்தது இன்னொரு சிக்கல். அகலக்கோண லென்ஸ் வானத்தின் பெரும்பகுதியை ஒரே படத்தில் அள்ளிவிடுவதால், 90 பாகைப் பட்டை மட்டும் கறுத்து, இருபுறமும் வெளுத்துத் தெரியும். கோபுரத்துக்குப் பின்னால் யாரோ மை தடவிய மாதிரி இருந்தது அந்தப் படம்.

“வானம் செமையா இருக்குண்ணே, ஆனா போஸ்டர் மாதிரி இருக்கு” என்றார் நண்பர்.

அவர் சொன்னது சரி. வளையத்தைப் பாதிக்குத் திருப்பி வைத்தோம். வானம் கொஞ்சம் ஆழ்ந்தது, அவ்வளவுதான். ஆனால் சுதை உருவங்களில் நான் எதிர்பார்க்காத மாற்றம் தெரிந்தது. பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசிய பெயின்டின் மேல் வெயில் பட்டு வெள்ளைத் திட்டுகளாக மினுங்கிக்கொண்டிருந்த இடங்கள் சிலவற்றில் நிறம் திரும்ப வந்துவிட்டது. வளைந்த உருவங்கள் என்பதால் எல்லா மினுக்கும் ஒரே திருப்பில் போகாது. போன இடங்களே போதும். வானத்தைக் கணினியில் பின்னால் கருக்கிக்கொள்ளலாம். நீலத்தை மட்டும் இறக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. வெள்ளையாய் எரிந்துபோன பெயின்டின் அடியில் என்ன நிறம் இருந்தது என்பதைக் கணினி அறியாது. அன்றைய பயணத்துக்கான அளவுகோல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

கீழக்குயில்குடி

தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் சமணர் மலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி. வழியில் காருக்குள்ளிருந்தே ஒரு படம் எடுக்க நண்பர் கேமராவைத் தூக்கினார். பக்கக் கண்ணாடி முழுவதும் புள்ளி புள்ளியாக, வானவில் தீட்டிய மாதிரி கறைகள். கண்ணாடியில் அழுக்கு இல்லை. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினப்படுத்திய கண்ணாடிக்குள் இறுக்கம் உறைந்து நிற்கும். அதைப் போலரைசர் காட்டிக்கொடுத்துவிடும். காருக்குள்ளிருந்தோ விமானத்தின் சன்னல் வழியாகவோ எடுப்பதானால் முதல் வேலையாக இதைக் கழற்றிவிடுவது நல்லது.

அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், அதன் குதிரைகள். மலை முழுவதும் குளத்தில் தலைகீழாகக் கிடக்கிறது. கரையில் குனிந்து பார்த்தால் காலை வானத்தின் வெள்ளை நீரின் மேல் பாலாடையாகப் படர்ந்திருக்கிறது. இலைகளும் பாதி வெள்ளை.

புரூஸ்டரின் கணக்குப்படி நீருக்கான கோணம் செங்குத்திலிருந்து 53 பாகை. அதாவது நேர்ப்பார்வையிலிருந்து 37 பாகை கீழே குனிந்து பார்க்க வேண்டும். நீர்மட்டத்துக்கு அருகே கரையில் நிற்கும் ஒருவருக்கு, காலடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியுள்ள தண்ணீர் அந்தக் கோணத்தில் வரும். அங்கே குறிவைத்து வளையத்தைத் திருப்பினோம். வெள்ளை அணைந்தது. தாமரைத் தண்டுகள் நீருக்குள் சாய்ந்து இறங்குவது தெரிந்தது. பாசி தெரிந்தது, அதனூடே குஞ்சு மீன்கள் தெரிந்தன. இலை முழுப்பச்சைக்கு வந்தது. மறுபடி திருப்பினால் வானம் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

கடலில் இதையே செய்தவர் நம்மூர்க்காரர் ஒருவர். 1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். கடலின் ஆழ்நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லிவைத்திருந்தார். ராமனிடம் கால்சைட்டில் செய்த நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துப் போலரைசர் அது. உரிய கோணத்தில் நீரைப் பார்த்து, பட்டகத்தைத் திருப்பி, வானத்தின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். ராலே சொன்னது சரியென்றால் நீலமும் அணைந்திருக்க வேண்டும். மாறாக, அது இன்னும் அடர்ந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற ஆராய்ச்சிக்கு அந்தக் கப்பல் தளம் தொடக்கமாயிற்று. பிரதிபலிப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பொருளைப் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனால் குளத்தில் நாங்கள் அணைத்த வெள்ளையோடு மலையின் கால்பகுதியும் போய்விட்டது. தாமரையை எடுப்பதானால் ஃபில்டர் வேண்டும். மலையும் குளமுமாக எடுப்பதானால் வேண்டாம். எதை எடுக்க வந்தோம் என்பது தெரிந்தால்தான் வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் தெரியும். குளத்துக்கு மேலே பறந்த தட்டான்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நீரில் தெறித்த ஒளியின் தளத்தைக் கண்ணாலேயே உணர்ந்து அவை நீர்நிலையைக் கண்டுகொள்கின்றன. மினுங்கும் கார்க் கூரையைக் குளமென்று நம்பி அதில் முட்டையிடப் போவதும் அதனால்தான்.

படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனோம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், பக்கத்தில் சுனை. இங்கே ஃபில்டர் பைக்குள் போயிற்று. காய்ந்த, சொரசொரப்பான கல்லில் துடைத்தெடுக்க மினுக்கு ஏதும் இல்லை. சிற்பத்துக்கு வேண்டியது சாய்ந்த வெயிலும் அது தரும் நிழலும்தான். அதற்கு எந்தக் கண்ணாடியும் உதவாது, சரியான நேரத்துக்கு வருவது ஒன்றே வழி. மழை பெய்து பாறை நனைந்திருந்தால் கதை வேறு. ஈரக்கல் வானத்தை ஏந்திக்கொண்டு வெளுத்து நிற்கும். அப்போது போலரைசர் கல்லின் நிறத்தை மீட்டுக் கொடுக்கும்.

சோழவந்தான்

வைகைக் கரையோரம் வடமேற்கே போனால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சோழவந்தான். முல்லைப்பெரியாறு அணை 1895-இல் வந்த பிறகு பெரியாற்றுத் தண்ணீரும் வைகையோடு சேர்ந்து இந்தப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. ஊரின் பெருமை வெற்றிலை. 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் நுழைந்தால் அகத்தி மரங்கள் வரிசையாக நிற்க, அவற்றைப் பற்றிக்கொண்டு கொடிகள் ஏறுகின்றன. வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே பச்சை நிழல்.

போலரைசர் வானத்துக்கானது என்றே பலர் நினைக்கிறார்கள். கொடிக்காலுக்குள் வானமே தெரியவில்லை. ஆனால் அது அன்று அதிகமாக உழைத்த இடம் அதுதான். வெற்றிலையின் மேல்தோல் மெழுகு பூசியது போன்றது. அகத்திக் கிளைகளின் இடைவெளியில் இறங்கும் வான ஒளி ஒவ்வோர் இலையிலும் ஒரு வெள்ளைத் திட்டாக விழுகிறது. ஆயிரம் இலைக்கு ஆயிரம் திட்டு. படத்தில் பச்சை சாம்பலாகத் தெரிகிறது. வளையத்தைத் திருப்பியதும் திட்டுகள் பெரும்பாலும் மறைந்து, நரம்போடும் நிறத்தோடும் இலை வெளியே வந்தது. மேகமூட்டமான நாளிலும் இது நடக்கும். வானம் வெள்ளையாக இருக்கும் நாளில் ஃபில்டர் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு வாழைத் தோப்புக்கோ கொடிக்காலுக்கோ அதைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும்.

இலை கிள்ளிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேமராத் திரையைக் காட்டினோம். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இது என்ன தம்பி, நேத்துக் கிள்ளுன இலை மாதிரி இருக்கு?” என்றார், ஃபில்டர் போட்டு எடுத்ததைக் காட்டி. “இலையில பளபளப்பு இருக்கணும். அது இல்லாட்டி வாடிப்போச்சுன்னு விலையக் கொறச்சிருவாங்க.”

ஒளியியல் தெரிந்த எங்கள் இருவருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. மினுக்கு எல்லாமே தொல்லை அல்ல. கிள்ளிய வெற்றிலையின் பளபளப்பு அதன் இளமைக்குச் சாட்சி. எண்ணெய் பூசிய கருங்கல் சிலை, நனைந்த தெரு, மல்லிகை மொட்டின் மேல் தெளித்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வளையத்தைப் பாதிக்குத் திருப்பி, சாம்பல் போகவும் பளபளப்பு கொஞ்சம் நிற்கவும் எடுத்த மூன்றாவது படத்தைப் பார்த்துத்தான் அவர் தலையாட்டினார்.

அவரையும் ஒரு படம் எடுத்தோம், ஃபில்டர் இல்லாமல். கறுத்த தோலில் நெற்றியிலும் கன்னத்திலும் விழும் மினுக்கம்தான் முகத்தின் மேடு பள்ளத்தைச் சொல்கிறது. வேர்வையின் பளபளப்பை முழுக்கத் துடைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். நம் ஊர் முகங்களுக்குப் போலரைசர் போடுவதில் நிதானம் வேண்டும். அதோடு, நிழலில் வெளிச்சம் குறைவு. அதிலும் பாதிக்கு மேல் இழக்க அங்கே வசதியில்லை.

யானைமலை

திரும்பி வரும்போது வைகையின் வடகரையில் அமெரிக்கன் கல்லூரியைக் கடந்தோம். 1881-இல் தொடங்கிய கல்லூரி. அதில் படித்தவர்களில் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928-இல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து அவர் செய்த சோதனைகளில் திரவங்களிலிருந்து மெல்லிய ஒளி ஒன்று வந்தது. அது வெறும் ஒளிர்வா, புதுவகைச் சிதறலா என்பதே கேள்வி. அந்த ஒளி வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது. சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. ராமன் விளைவின் பிறப்பில் இது ஒரு முக்கியமான தடயம். ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய குறிப்பு அந்த ஆண்டு மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் வந்தது. போலரைசர் மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை; அதைத் திருப்பிப் பார்த்தவர்களில் மதுரையில் படித்தவரும் உண்டு.

மேலூர் சாலையில் ஒத்தக்கடையை அடைந்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ஒற்றைப் பாறை யானைமலை. ஊரே திரண்டு ஒருமுறை காப்பாற்றிய மலை. 2010-இல் இங்கே சிற்ப நகரம் அமைக்கும் யோசனையை எதிர்த்து மக்கள் நின்றார்கள்.

உச்சிவெயிலில் போலரைசரின் கணக்கு மாறுகிறது. மதுரை 9.9 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது 90 பாகைப் பட்டை தொடுவானத்தைச் சுற்றிலும் ஒரு வளையமாகப் படிந்திருக்கும். எந்தத் திசையில் திரும்பினாலும் ஃபில்டர் வேலை செய்ய வேண்டும். ஆனால் சித்திரையில் தொடுவானத்தில் இருப்பது தூசியும் புழுக்கமும். பலமுறை சிதறிய ஒளி தன் ஒழுங்கை இழந்துவிடுவதால் வானம் வெள்ளையாகவே நிற்கும். தையில் காற்று தெளிந்திருந்தது. மலைக்குப் பின்னால் நீலம் நன்றாகவே ஆழ்ந்தது, மேகங்கள் எழும்பி நின்றன. கீழே பாறைதான் சப்பென்று கிடந்தது. உச்சிவெயிலில் நிழல் இல்லை. நிழல் இல்லாத யானைக்கு உருவமும் இல்லை. வானத்தைத் திருத்தியதால் படம் தேறவில்லை.

நீளத்தை முழுதாகப் பிடிக்க நண்பர் ஐந்தாறு படங்களை வரிசையாக எடுத்து ஒட்டிப் பார்த்தார். படத்துக்குப் படம் சூரியனோடு கோணம் மாறுவதால் ஒவ்வொன்றிலும் வானம் ஒரு நீலம். ஒட்டிய இடமெல்லாம் அலை அலையாக வந்தது. பனோரமாவுக்குப் போலரைசர் ஆகாது.

இந்தச் சமவெளியில் வானத்தோடு மல்லுக்கட்டிய முதல் புகைப்படக்காரர்களில் ஒருவர் கேப்டன் லினியஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் அவர் எடுத்த மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. வைகை, தெப்பக்குளம், புதுமண்டபம் ஆகியவற்றோடு யானைமலையையும் எடுத்தார். நீளவாட்டில் மட்டும் பார்க்காமல், முனைப்பக்கம் போய் நின்றும் ஒரு படம் எடுத்திருக்கிறார். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ் நீல ஒளிக்கே மிகுதியாக வசப்படுவது. அதனால் நீல வானம் முழுவதும் வெறும் வெள்ளையாகப் பதிந்துவிடும். அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் பூசி மேகங்களையும் மரத்தின் இலைகளையும் கையால் சேர்த்தார். வானத்தைத் திருத்துவது இந்த ஊரில் 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம். அவருடைய படங்கள் இன்றும் நிற்பதற்குக் காரணம் அந்த மேகங்கள் அல்ல, எங்கே நின்றார் என்பது.

தெப்பக்குளம்

மாலை ஐந்தரைக்கு வண்டியூர் வந்து சேர்ந்தோம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த குளம். பக்கத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி. நடுவே மைய மண்டபம். பல ஆண்டுகள் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடிய தரையாகக் கிடந்தது. இன்று வைகைத் தண்ணீர் வந்து நிறைந்து நிற்கிறது. சுற்றுச்சுவரில் வரிசையாகக் குடும்பங்கள், சுண்டல், பருத்திப்பால்.

தென்கரையில் நின்று வடக்கே மண்டபத்தைப் பார்த்தோம். தண்ணீரில் மண்டபம் தலைகீழாக நின்றது. “இதைப் போட்டா பிரதிபலிப்புப் போயிருமேண்ணே” என்று நண்பர் ஃபில்டரைக் கழற்றப் போனார். காலையில் தாமரைக்குளத்தில் பார்த்ததை வைத்துச் சொன்னார். திருப்பிப் பார்த்துவிட்டுக் கழற்றுவோம் என்றேன்.

பிரதிபலிப்பு போகவில்லை. மண்டபம் வெகு தூரத்தில் இருப்பதால் நாங்கள் நீர்ப்பரப்பை ஒட்டியே பார்க்கிறோம். 37 பாகை அல்ல, இரண்டு மூன்று பாகைதான். அவ்வளவு சாய்வில் தெறிக்கும் ஒளியில் தளவிளைவு மிகக் குறைவு. ஃபில்டரால் அணைக்க முடிந்தது கரையோரத்துத் தண்ணீரை மட்டும்.

இன்னொன்றும் நடந்தது. மாலைச் சூரியன் இடப்பக்கம் தாழ்ந்திருக்கும்போது வடவானத்து ஒளி மேலும் கீழுமாக அதிர்கிறது. நீரில் தெறிக்கும் கண்கூச்சமோ கிடைமட்டமாக அதிர்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கு. வளையத்தை வானத்துக்காகத் திருப்பினால் நீரில் விழுந்த வானமும் சேர்ந்து கறுக்கிறது; அந்தக் கருமையில் மண்டபத்தின் பிம்பம் இன்னும் துலக்கமாக நிற்கிறது. நீருக்காகத் திருப்பினால் வானம் வெளுத்துப்போகிறது. காலையில் பிரதிபலிப்பைத் துடைத்த அதே கண்ணாடி, மாலையில் அதைத் தூக்கிக் காட்டியது. இதையெல்லாம் விதியாக மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. மாட்டி, முழுச் சுற்றும் திருப்பி, கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வெயில் இறங்கியதும் அதைக் கழற்றிவிட்டோம். தெப்பத் திருவிழா இரவில் மின்விளக்குகள் ஒளிரத் தெப்பம் சுற்றி வரும்போதும், சித்திரையில் அழகர் விடிகாலையில் வைகையில் இறங்கும்போதும் இதற்கு வேலையில்லை. அங்கே ஒவ்வொரு துளி வெளிச்சமும் வேண்டும். அழகரின் தங்கக் குதிரையின் மினுக்கையும் இது தொடாது. நீர், இலை, பெயின்ட் போல உலோகம் தெறிக்கும் ஒளியை ஒரு தளத்துக்கு ஒடுக்குவதில்லை. கலசமும் குத்துவிளக்கும் எவர்சில்வர் குடமும் அப்படியே பளபளக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கடையில் ‘சி.பி.எல்.’ (சர்க்குலர் போலரைசர்) என்று கேளுங்கள். கண்ணாடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஆட்டோஃபோகஸும் ஒளி அளவும் தடுமாறாமல் இருக்க அந்த வகைதான் பாதுகாப்பு. மிகப் பெரிய விட்டமுள்ள லென்ஸுக்கு ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொண்டால் காசு மிச்சம். யு.வி. ஃபில்டரின் மேல் இதையும் அடுக்காதீர்கள், மூலைகள் இருளும். கைப்பேசியில் எடுப்பவர்கள் போலராய்டு கூலிங்கிளாஸை லென்ஸுக்கு முன் பிடித்துத் திருப்பிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

வானம் நீலமாக வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு போலரைசருக்குக் காசு செலவழிக்காதீர்கள். அந்த வேலையை இன்று கைப்பேசியே செய்கிறது. தாமரைத் தண்டுக்காகவும் வெற்றிலை நரம்புக்காகவும் மழையில் நனைந்த கல்லுக்காகவும் வாங்குங்கள். மற்ற நேரங்களில் அது பையிலேயே இருக்கட்டும்.